இந்திய அணி வரும்போது வடக்கையும் அட்டவணையில் சேருங்கள்

இலங்கையின் கிரிக்கெட்டை நிர்வகிப்பவர்களுக்கும், போட்டி அட்டவணையில் கையெழுத்து வைப்பவர்களுக்கும்,

இந்திய அணி ஒருநாள், இருபதுக்கு 20 என்னும் வெள்ளைப் பந்துத் தொடருக்காக இங்கே வருகிறது என்று செய்தி வந்தவுடன் யாழ்ப்பாணத்தில் நாங்கள் முதலில் தேடுவது வீரர்களின் பெயர்களை அல்ல, மைதானங்களின் பெயர்களை. 2012இல் அம்பாந்தோட்டை, கொழும்பு, பல்லேகலை. 2017இல் தம்புள்ளை, பல்லேகலை, கொழும்பு. 2021இல் எல்லாப் போட்டிகளும் கொழும்பில். பெருந்தொற்றுக் காலம், அதைக் குறை சொல்ல மாட்டோம். 2024இல் இருபதுக்கு 20 மூன்றும் பல்லேகலையில், ஒருநாள் போட்டி மூன்றும் கொழும்பில். 2026 இருபதுக்கு 20 உலகக் கிண்ணத்தை இந்தியாவோடு சேர்ந்து நடத்தும் வாய்ப்பு வந்தபோதும் கொழும்பின் இரண்டு மைதானங்களும் பல்லேகலையும்தான். போர் முடிந்தது 2009 மே மாதத்தில். அன்றிலிருந்து தம்புள்ளைக்கு வடக்கே ஒரு சர்வதேசப் போட்டிகூட நடக்கவில்லை. அதற்கு முன்பும் நடந்ததில்லை.

கேட்டால் ஒரே பதில்: யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவான மண்டைதீவில் மைதானம் வருகிறது, கொஞ்சம் பொறுங்கள். 2025 செப்டம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதியே வந்து அடிக்கல் நாட்டினார். சந்தோஷம். ஆனால் கட்டி முடியாத மைதானத்தைக் காட்டி, இருக்கிற வசதிகளை வைத்து இன்றே செய்யக்கூடியதையும் தள்ளிப்போடுவதை ஏற்க முடியவில்லை. இந்த மடல் அதற்காகத்தான்.

2024 ஓகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை. இரண்டாவது ஒருநாள் போட்டி, ஆர். பிரேமதாச மைதானம். சனிக்கிழமை இரவு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினோம். கொழும்புக்குக் கிட்டத்தட்ட நானூறு கிலோமீற்றர். விடியற்காலையில் வெள்ளவத்தையில் இறங்கி, சித்தி வீட்டில் முகம் கழுவி, இடியப்பம் சாப்பிட்டு, கொஞ்ச நேரம் நிலத்தில் சரிந்துவிட்டு மத்தியானம் கெத்தாராமவில் இருக்கும் அந்த மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். இலங்கை 240 ஓட்டங்கள் எடுத்தது. பதிலுக்கு ரோஹித் ஷர்மா ஆடிய வேகத்தில் இந்தியா விக்கெட் இழப்பின்றி 97. எங்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் பப்பரே வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டுக் கச்சான் கொறிக்கத் தொடங்கிவிட்டார்கள். அப்புறம்தான் ஜெப்ரி வண்டர்சே பந்து வீச வந்தார். ஹசரங்க காயமடைந்ததால் அணிக்குள் அழைக்கப்பட்ட மனிதர். முதல் ஆறு விக்கெட்டுகளையும் அவரே எடுத்தார், 33 ஓட்டங்கள் மட்டும் கொடுத்து. 97க்கு பூச்சியம் என்றிருந்தது 147க்கு ஆறு என்றானது. அந்த ஒரு மணி நேரத்தில் அந்தப் பக்கத்து இருக்கைகளில் ஒருவர்கூட உட்காரவில்லை.

இதில் உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. பகலிரவுப் போட்டி பத்து மணியை ஒட்டி முடியும். யாழ்ப்பாணம் போகும் இரவு பஸ்கள் அதற்கு முன்பே புறப்படத் தொடங்கிவிடும். திங்கட்கிழமை வேலைக்குப் போகவேண்டியவர்கள் எட்டரை மணிக்கே ஒருவரையொருவர் பார்க்கத் தொடங்குவார்கள். என்னோடு வந்தவர்களில் பாதிப் பேர் எழுந்து போனார்கள். இந்தியாவின் கடைசி விக்கெட்டுகளை அவர்கள் பார்த்தது பஸ்சுக்குள், கைபேசியில், சிக்னல் வந்தும் போயும். நான் நின்றேன், சித்தி வீட்டில் இன்னொரு இரவு, ஒரு நாள் சம்பளம் போச்சு. கொழும்பில் சித்தி இல்லாதவருக்கு அறை வாடகையும் சேர்த்துப் பாருங்கள். கொழும்பு ரசிகருக்கு ஒரு போட்டி என்பது ஒரு பின்னேரம். கிளிநொச்சிக்காரருக்கும் பருத்தித்துறைக்காரருக்கும் அது இரண்டு இரவும் ஒரு பகலும்.

ஓகஸ்ட் 7இல் துனித் வெல்லாலகே ஐந்து விக்கெட் எடுத்து, இந்தியா 138க்குச் சுருண்டு, 1997க்குப் பிறகு முதல் தடவையாக இந்தியாவிடமிருந்து ஒருநாள் தொடரை வென்றோம். புதன்கிழமை. எங்கள் பக்கத்திலிருந்து யாரும் போக முடியவில்லை. தெருமுனைத் தேநீர்க் கடையில் பார்த்தோம்.

அடுத்தது, யாரும் எழுதத் தயங்குகிற விஷயம். இந்தியா விளையாடும்போது வடக்கில் எல்லோரும் இலங்கைக்குக் கை தட்டுவதில்லை. எங்கள் ஊரில் ஏழாம் இலக்க மஞ்சள் சட்டை போட்ட பெடியளை எந்தச் சந்தியிலும் காணலாம். ஐபிஎல் தொடங்கிவிட்டால் சென்னை தோற்ற இரவில் சில வீடுகளில் சாப்பாடு இறங்காது. சில அரசியல்வாதிகளும் சில சமூக ஊடகக்காரரும் இதைத் தேசத்துரோகம் போலப் பேசுகிறார்கள். ரசனைக்குக் கடவுச்சீட்டு கேட்பது முட்டாள்தனம். கண்டியிலும் காலியிலும் கோலியின் பெயரை முதுகில் போட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களை யாரும் விசாரிப்பதில்லை. வேறொரு தொடரில், வேறொரு மைதானத்தில், நாங்கள் தமிழில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு முன்வரிசைக்காரர் திரும்பி, “இந்தியாவிலிருந்தா வந்தீர்கள்?” என்று சிங்களத்தில் கேட்டார். நான் போட்டிருந்தது இலங்கைச் சட்டை. யாழ்ப்பாணம் என்றதும் மனிதருக்கு வெட்கமாகிவிட்டது. தன்னுடைய கச்சான் சுருளை நீட்டினார். நல்ல மனிதர், அவர்மேல் எந்தக் கோபமும் இல்லை. தமிழ் பேசுகிற இலங்கை ரசிகனை மைதானத்தில் பார்த்துப் பழகாதவர், அவ்வளவுதான். அந்தப் பழக்கம் வருவதற்கு நீங்கள் வழி செய்யவில்லை என்பதுதான் என் குறை.

அதே மைதானத்தில் ஒலிபெருக்கி அறிவிப்புகள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வந்தன. தமிழில் ஒன்றும் இல்லை. எந்த வாயிலால் போவது என்று அம்மாவுக்கு நான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்திலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. விளம்பர இடைவேளைகளில் ஒரு நிமிடம் ஒதுக்கினால் முடிகிற வேலை இது.

வடக்கில் கிரிக்கெட் இல்லையே, பார்க்க யார் வருவார்கள் என்று நினைப்பவர்கள் மார்ச் மாதத்தில் ஒரு தடவை யாழ்ப்பாணம் வந்து பாருங்கள். மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸும் மோதும் வடக்கின் பெருஞ்சமர் 1904இல் தொடங்கியது. இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைப்பதற்கு முக்கால் நூற்றாண்டுக்கும் முன்பு. அதோடு பொன் அணிகளின் சமர் இருக்கிறது, இந்துக்களின் சமர் இருக்கிறது. லண்டனிலும் டொராண்டோவிலும் இருக்கிற பழைய மாணவர்கள் விடுமுறையை அந்த நாட்களுக்கு ஏற்றபடி எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

ஆனால் அந்தப் பெடியள் எதில் ஆடி வளர்ந்தார்கள்? நான் பள்ளி அணியில் இருந்த காலத்தில் எங்களுக்குப் புற்தரை ஆடுகளம் கிடையாது. மெற்றிங்தான். காலையில் நாலு பேர் பாயைச் சுருட்டித் தூக்கி வந்து விரித்து, இழுத்துப் பிடித்து, ஓரங்களில் ஆணி அறைவோம். வெயில் ஏற ஏறப் பாய் தளரும். ஓவருக்கு நடுவில் யாராவது சுத்தியலோடு ஓட வேண்டும். பந்து விழுந்தால் இடுப்புக்கு மேலே எழும்பும். அதில் ஐம்பது அடித்துப் பழகிய துடுப்பாட்ட வீரர் கொழும்பில் தேர்வுப் போட்டிக்குப் போய்ப் புற்தரையில் முதல் தடவையாக நிற்கும்போது, தாழ்ந்து வருகிற பந்துக்கு எல்.பி.டபிள்யூ ஆகித் திரும்பி வருவார். தேர்வாளர் தன் தாளில் ‘நுட்பம் போதாது’ என்று எழுதுவார். எங்கள் ஆரம்ப வீரருக்கு நடந்தது இதுதான். அவர் இப்போது கட்டடப் பொருட்கள் விற்கிறார், நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால் அவருடைய கவர் டிரைவைப் பார்த்தவர்கள் இன்னமும் அதைப் பற்றிப் பேசுவார்கள்.

இத்தனைக்கும் நடுவில் வந்தவர்தான் விஜயகாந்த் வியாஸ்காந்த். யாழ் மத்திய கல்லூரி மாணவர். 2020இல் லங்கா பிரீமியர் லீக்கில் ஆடினார், 2023 ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைச் சட்டை அணிந்தார், 2024 ஐபிஎல்லில் ஹைதராபாத் அணிக்குப் பந்து வீசினார். ஒரு வியாஸ்காந்த் வந்துவிட்டாரே, வழி திறந்திருக்கிறது என்று சொல்லாதீர்கள். தட்டுத்தடுமாறி ஒருவர் வந்து சேர்ந்துவிட்டதை வைத்துப் பாதை நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக்கூடாது.

லங்கா பிரீமியர் லீக் என்றதும் இன்னொன்று. யாழ்ப்பாணம் என்ற பெயரை வைத்திருக்கும் அணி 2020, 2021, 2022, 2024 என்று நாலு தடவை கிண்ணம் வென்றது. அந்த அணி யாழ்ப்பாணத்தில் ஒரு பந்துகூட விளையாடியதில்லை. அம்பாந்தோட்டையில் ஆடியது, கொழும்பில் ஆடியது, பல்லேகலையிலும் தம்புள்ளையிலும் ஆடியது. எங்கள் ஊரின் பெயர் சட்டையில் அச்சடிக்க உதவுகிறது, விளம்பரம் விற்க உதவுகிறது. ஊர் மட்டும் உதவாது. இதைக் கேட்டு நாங்கள் சிரித்துவிடுவோம். சிரிப்பு கொஞ்சம் கசக்கும்.

இனி, வழக்கமான காரணங்கள். வசதி இல்லை, விடுதி இல்லை, ஒளிபரப்பு வண்டிகள் வரமுடியாது. சரி. 2011 உலகக் கிண்ணத்துக்காக அம்பாந்தோட்டை மாவட்டத்தின் சூரியவெவவில் 35,000 பேர் அமரக்கூடிய மைதானம் எழுப்பப்பட்டது. அங்கே அப்போது என்ன விடுதி இருந்தது? சுற்றிலும் வயலும் காடும், யானை வேலியும். அரசியல் விருப்பம் இருந்தது, மைதானம் எழுந்தது. அந்த உலகக் கிண்ணக் கட்டுமானக் கடன் உங்கள் கணக்கைப் பல வருடங்கள் வாட்டியதும் எங்களுக்குத் தெரியும். அதனால்தான் யாழ்ப்பாணத்தில் நாளைக்கே நாற்பதாயிரம் இருக்கை வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. மண்டைதீவுத் திட்டம் பற்றியே எங்களில் எல்லோருக்கும் ஒரே கருத்து இல்லை. தாழ்ந்த நிலம், கண்டல் காடு, வலசைப் பறவைகள் வரும் களப்பு. சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் எழுப்பும் கேள்விகள் நியாயமானவை. அந்தக் கேள்விகளை வடக்குக்கு எதிரான சதி என்று இங்கே சிலர் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. மழைக்காலத்தில் நீர் எங்கே வடியும் என்று எங்கள் மீனவர்களைக் கேட்டால் அவர்களே சொல்வார்கள்.

இந்திய அணி வந்தால் ஒளிபரப்பு உரிமையில் பெரிய பணம் வருகிறது, அதைப் பெரிய மைதானங்களில்தான் நடத்த வேண்டும் என்பதும் ஒரு வாதம். ஒளிபரப்புப் பணம் தொலைக்காட்சியிலிருந்து வருகிறது. கொழும்பின் நாற்காலிகளிலிருந்து அல்ல. 2021இல் வெற்று மைதானத்தில் ஆடியபோதும் அந்தப் பணம் வந்தது.

அயல்நாட்டு அணி என்பது வெறும் வருமானம் இல்லை என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கியில் குண்டு வெடித்து அப்பாவிகள் செத்த பிறகு, அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வர மறுத்தன. அப்போது இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே அணியாகச் சேர்ந்து வந்தன. பெப்ரவரி 13இல் டெண்டுல்கரும் வசீம் அக்ரமும் ஒரே பக்கத்தில் நின்று பிரேமதாசவில் ஆடினார்கள். பயந்து ஒதுங்காமல் வந்து ஆடிக்காட்டுவதன் அர்த்தம் என்ன என்று இந்த நாட்டின் கிரிக்கெட்டுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதற்கடுத்த மாதம் லாகூரில் உலகக் கிண்ண இறுதிப் போட்டி. எங்கள் குடும்பம் அப்போது தென்மராட்சியில் இடம்பெயர்ந்து இருந்தது. 1990இலேயே மின்சாரம் போய்விட்டது, பற்றரி கிடைக்காது. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் வானொலி ஓடும். சுற்றுகிறவர் கை மாறும்போது வர்ணனை தேய்ந்து நின்றுவிடும். திரும்ப வரும்போது அரவிந்த டி சில்வா ஆட்டமிழந்திருப்பாரோ என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்ததாக அப்பா சொல்வார். அரவிந்த 107, ஆட்டமிழக்கவில்லை. எந்த அரசாங்கம் எங்களை எங்கே நிறுத்தியிருந்தது என்பதெல்லாம் வேறு கதை. அந்த நிலையிலும் சைக்கிளைச் சுற்றியவர்களின் பிள்ளைகளிடம் விசுவாசத்துக்குச் சான்று கேட்கிறவர்களைத்தான் நீங்கள் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இந்தியக் கிரிக்கெட்டை நடத்துகிறவர்கள் கண்ணில் இந்த மடல் பட்டால் அவர்களுக்கும் சொல்ல ஒன்று உண்டு. யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கு இந்திய உதவியோடு புதுப்பிக்கப்பட்டு 2016இல் திறக்கப்பட்டது. உங்கள் பிரதமர் காணொளி வழியாக அதில் கலந்துகொண்டார். கலாசார மண்டபம் கட்டித் தந்தீர்கள். பலாலிக்கும் சென்னைக்கும் விமானம் ஓடுகிறது. ஒன்றேகால் மணி நேரப் பறப்பு. காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் கப்பல் விட்டீர்கள். கொழும்பைவிடச் சென்னை எங்களுக்குச் சீக்கிரம் போய்ச் சேரும் ஊராகிவிட்டது. 2013இல் இலங்கை வீரர்கள் கால் வைக்கக்கூடாது என்று சொன்ன சேப்பாக்கத்தில், பத்து வருடத்துக்குப் பிறகு மதீஷ பத்திரனவுக்கு விசில் பறந்ததை நாங்கள் இங்கிருந்து பார்த்தோம். இவ்வளவும் மாறியிருக்கிறது. இந்தியச் சட்டை அணிந்த ஓர் அணி மட்டும் இன்னும் இந்தக் கரையில் இறங்கி ஆடவில்லை.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் இவை.

இந்திய அணியின் அடுத்த வெள்ளைப் பந்துத் தொடரில் குறைந்தது இரண்டு போட்டிகளைத் தம்புள்ளையில் வையுங்கள், அதுவும் சனி, ஞாயிறில். அது ஏ9 வீதியிலேயே இருக்கிறது, யாழ்ப்பாணத்திலிருந்து சுமார் 250 கிலோமீற்றர், வவுனியாவிலிருந்து இன்னும் கிட்ட. வெளிச்சக் கோபுரங்கள் இருக்கின்றன. 2024 ஜூலை 28இல் சமரி அத்தபத்துவின் அணி இந்தியாவை வீழ்த்தி மகளிர் ஆசியக் கிண்ணத்தை வென்றதும் அங்கேதான். இந்திய ஆடவர் அணி அங்கே கடைசியாக ஒருநாள் போட்டி ஆடியது 2017இல். போட்டி முடிந்தபின் வடக்கு நோக்கி விசேட பஸ்கள் புறப்பட இலங்கைப் போக்குவரத்துச் சபையோடு பேசி, டிக்கெட் விற்பனை தொடங்கும் நாளிலேயே அதையும் அறிவியுங்கள். டிக்கெட்டுகளில் ஒரு பங்கை யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் நேரடியாக விற்பனைக்கு விடுங்கள். கடனட்டை இல்லாத பள்ளிப் பெடியன் இணையத்தில் எப்படி வாங்குவான்?

மண்டைதீவுக்காகக் காத்திருக்காமல், யாழ்ப்பாணத்தில் இருக்கிற ஒரு மைதானத்தை எடுத்து, முறையான புற்தரை ஆடுகளம் போட்டு, இலங்கை ‘ஏ’ அணிக்கும் இந்தியா ‘ஏ’ அணிக்கும், அல்லது 19 வயதுக்குட்பட்டோருக்கும், ஒரு தொடரை நடத்துங்கள். மகளிர் அணிகள் என்றால் இன்னும் நல்லது. கிரிக்கெட் ஆட வருகிற எங்கள் பெண் பிள்ளைகளுக்கு முன்னால் ஆடிக்காட்ட யாருமே வருவதில்லை. பலாலியில் இறங்கினால் ஊருக்குள் வர அரை மணி நேரம்.

யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா ஆகிய ஐந்து மாவட்டங்களிலும் ஒவ்வொரு வருடமும் தேர்வு முகாம் வையுங்கள். தேர்வாளர்கள் இங்கே வரட்டும். பெடியள் இரவு முழுதும் பஸ்சில் வந்து தூக்கக் கலக்கத்தோடு மட்டை பிடிக்கும் நிலை வேண்டாம். யாழ்ப்பாணத்தின் பெயரைச் சுமக்கும் அணி வருடத்தில் ஒரு வாரமாவது இங்கே பயிற்சி செய்வதை உரிமையாளருடனான ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். எல்லாச் சர்வதேச மைதானங்களிலும் அறிவிப்பும் வழிகாட்டிப் பலகையும் பெருந்திரையும் தமிழிலும் இருக்கட்டும்.

மண்டைதீவுக்கான சுற்றுச்சூழல் அறிக்கையையும் செலவையும் வேலைத் திட்டத்தையும் மூன்று மொழியிலும் வெளியிடுங்கள். அங்கே கட்டக்கூடாது என்று அறிக்கை சொன்னால் வேறு இடம் பாருங்கள், ஆனால் அதைக் காரணம் காட்டித் திட்டத்தையே மூடிவிடாதீர்கள்.

அடுத்த தொடரின் அட்டவணை வெளிவருவதற்கு முன்பு இதற்குப் பதில் எதிர்பார்க்கிறோம். தமிழில் வந்தால் நல்லது, சிங்களத்தில் வந்தாலும் வாசிப்போம். அதில் திகதிகள் இருக்கட்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் இலங்கை கிரிக்கெட் ரசிகன்